மாறனின் வலது கை

ஜூன் 9, திங்கள்

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்குகிறார்கள். அபூர்வம். குளிக்கலாம், சாப்பிடலாம், நானும் சற்றுப் படுக்கலாம். ஒன்றையும் செய்யாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதாவிட்டால் நேற்று எது, இன்று எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே நீளமான பகலாக இருக்கிறது.

தாரகை இன்றும் குடித்த பாலில் பாதியைக் கக்கிவிட்டாள். மாறன் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று அழுதான். ஜனவரியில், எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட இரட்டையர்கள். அவன் ஓரளவு எடையோடு வந்தான். அவள் மிகவும் சிறியவள். அவனைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளோடு நான் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவள், வெளியே நான்.

அந்த வாரங்களில் இங்கே கோபியில் மாறனைப் பார்த்துக்கொண்டது என் கணவர் பூபதியின் அக்கா செல்வநாயகி. எங்கள் பக்கத்து வழக்கப்படி நங்கை என்று கூப்பிடுகிறேன். அவருக்குக் குழந்தை இல்லை. கணவர் போய்ப் பல வருடமாகிறது. கவுந்தப்பாடியில், வாதம் வந்து படுத்துவிட்ட தன் அப்பாவை, என் மாமனாரை, கடைசிவரை பார்த்துக்கொண்டவர். மாமனார் போன வருடம் இறந்தார். எனக்குப் பிரசவம் ஆனதும் நங்கை எங்களிடமே வந்துவிட்டார். அவர் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று யோசிக்கவும் தெம்பில்லை.

தாரகை விழித்துவிட்டாள்.

ஜூன் 14

குளிப்பாட்டும்போது தாரகையின் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படுகின்றன. பயந்து பயந்துதான் தண்ணீர் ஊற்றுகிறேன். மாறனை நங்கை காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறார். அவன் வலது உள்ளங்கையில் மட்டும் பால் கசடும் அழுக்கும் சேர்ந்து வாடை வருகிறது. எப்போதும் மூடியே வைத்திருக்கிறான், கட்டைவிரலை உள்ளே மடக்கி. நங்கை ஏதோ பக்குவமாக மணிக்கட்டை வளைத்து விரல்களைத் திறந்து துடைத்துவிடுகிறார். எனக்கு அது வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

தாரகைக்குத் தலை இன்னும் சரியாக நிற்கவில்லை. டாக்டர் தமயந்தியிடம் கொண்டுபோனேன். முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்து கணக்குப் பார்க்கக் கூடாது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பார்க்க வேண்டும் என்று மறுபடியும் சொன்னார். அப்படிப் பார்த்தால் அவள் சரியாகத்தான் இருக்கிறாளாம். கேட்கும்போது நிம்மதியாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து மாறன் பக்கத்தில் அவளைப் படுக்கவைத்ததும் நிம்மதி போய்விடுகிறது. அவனைக் கூட்டிப்போகவில்லை. அவனுக்கு என்ன.

ஜூலை 5, சனி

இன்று வீட்டில் விசேஷம் மாதிரி ஆகிவிட்டது. கிலுகிலுப்பையை நீட்டினால் மாறன் எட்டிப் பிடிக்கிறான். இடது கையால், விசுக்கென்று. நங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு பூபதியைக் கூப்பிட்டார்.

மாமனார் மாரப்பன் இடது கைக்காரர். வயசுக் காலத்தில் வாலிபால் ஆடியவர். அவர் எந்தக் கையால் அடிக்கப்போகிறார் என்று தெரிந்தும் எதிர் அணிக்காரர்களால் எடுக்க முடியாதாம். பவானி முதல் சத்தி வரை அந்த இடது கைக்குப் பெயர் உண்டு என்று நங்கை சொன்னார். அவர் பெயரை ஒட்டித்தான் இவனுக்கு மாறன் என்று வைத்தோம்.

“எங்கய்யனேதான் அம்மிணி. திரும்பி வந்துட்டாரு” என்றார்.

பூபதி பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மறுபடி மறுபடி கிலுகிலுப்பையை நீட்டி, அவன் பிடிக்கப் பிடிக்கச் சிரித்தார். மாமனார் போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

தாரகை கிலுகிலுப்பையைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஜூலை 17

பகல் முழுதும் மின்சாரம் இல்லை. இரண்டு பேருக்கும் வேர்க்குரு. தபால் அலுவலகத்திலிருந்து போன். பிரசவ விடுப்பு முடிந்துவிட்டதால் குழந்தை வளர்ப்பு விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அக்டோபர் வரை தருகிறார்களாம். கவுன்டரில் ஆள் இல்லை என்று போஸ்ட்மாஸ்டர் புலம்பினார்.

ஜூலை 30, புதன்

தாரகை புதிதாக ஒன்று செய்கிறாள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு மேல் கொண்டுவந்து, விரலோடு விரலைக் கோத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பொம்மையைக் காட்டினாலும் கவனிப்பதில்லை. இதற்கும் டாக்டரிடம் போக வேண்டுமா என்று தெரியவில்லை. மாறன் இப்படியெல்லாம் செய்வதில்லை. அவன் வலது கை பாட்டுக்கு ஓரமாகக் கிடக்கும். இடது கை எல்லா வேலையும் பார்க்கும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாறன் குப்புற விழுந்துவிட்டான். எல்லாருக்கும் சந்தோஷம். எப்போதும் ஒரே பக்கமாகத்தான் புரள்கிறான். வலது கை அடியில் மாட்டிக்கொள்கிறது. எடுக்கத் தெரியாமல் அழுகிறான். “சோம்பேறிக் கை” என்று நங்கை செல்லமாகத் திட்டி எடுத்துவிட்டார்.

மதியம் நங்கை கடைக்குப் போயிருந்தபோது அவனுக்கு வலப்பக்கமாக நின்றுகொண்டு கரண்டியை நீட்டினேன். பார்த்தான். உடம்பையே திருப்பி இடது கையால் வாங்கினான். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு இன்னும் தள்ளி நின்று நீட்டினேன். மறுபடியும் அப்படியே. தாரகைக்கு நீட்டினேன். அவள் கரண்டிக்குப் பக்கத்தில் இருந்த கையால் தொட்டாள். பிறகு குக்கர் சத்தம் வந்தது. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 13

மழை. துணி காயவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் பூபதியிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று வாசலுக்குப் போனேன். அவரோடு வேலை செய்கிற ஒருவர் வந்திருந்தார். பூபதி மாறனை மடியில் வைத்துக்கொண்டு அவன் இடது கையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பத்து வருடம் கழித்து இவன் ஆடும்போது வந்து பார்க்கச் சொன்னார். இரண்டு பேருக்கும் காபி கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மாறனுக்கு வலது காலில் காலுறை நிற்பதில்லை. பாதத்தை விறைத்துக்கொள்கிறான். அளவு சின்னதாக வாங்கிவிட்டோம் போலிருக்கிறது.

செப்டம்பர் 3, புதன்

தாரகைக்காகத்தான் போனோம். தடுப்பூசிக்கு இரண்டு பேரையும் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் நங்கை மாறனைத் தூக்கிக்கொண்டு வந்தார். பூபதி அரை நாள் விடுப்பு.

டாக்டர் தமயந்தி தாரகையை மெத்தையில் போட்டுப் புரட்டிப் பார்த்தார், கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தார், கண்ணுக்கு முன்னால் சிவப்பு உருண்டையை ஆட்டினார். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். நன்றாக இருக்கிறாள், இனி பயப்பட வேண்டாம் என்றார். இந்த வார்த்தையைக் கேட்கத்தான் ஜனவரியிலிருந்து காத்துக்கொண்டிருந்தேன். அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. டாக்டரின் பார்வை அதற்குள் நங்கையின் மடிக்குப் போய்விட்டது.

மாறன் அவருடைய டார்ச் விளக்கைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவனுக்கு வலப்பக்கத்தில் இருந்தது. இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எட்டிக்கொண்டிருந்தான்.

“எப்பவும் இந்தக் கைதானா?” என்று டாக்டர் கேட்டார்.

“நொட்டாங்கைங்க டாக்டர். எங்கய்யனாட்ட” என்றார் பூபதி. குரலில் பெருமை இருந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்து மாறனுக்கு எதிரே உட்கார்ந்தார். அவன் இடது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, வலது கைக்குப் பக்கத்தில் டார்ச்சை எரியவிட்டுக் காட்டினார். மாறனுக்கு அது வேண்டும். முகமெல்லாம் அது வேண்டும் என்று இருந்தது. வலது கை தோளிலிருந்து கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. கடைசியில் குனிந்து வாயால் பிடிக்கப் பார்த்தான்.

டாக்டர் அவனிடமே டார்ச்சைக் கொடுத்துவிட்டு பூபதியைப் பார்த்துப் பேசினார். “இந்த வயசுல கைப்பழக்கம்னு ஒண்ணு வராதுங்க. அதுக்கு ஒன்றரை வயசு, ரெண்டு வயசு ஆகணும். அதுவரைக்கும் குழந்தைக்கு ரெண்டு கையும் ஒண்ணுதான். இவ்வளவு சீக்கிரமா ஒரே கையை எடுக்குதுன்னா, அந்தக் கை கெட்டிக்காரக் கைன்னு அர்த்தமில்ல. மறு கை வரலைன்னு அர்த்தம்.”

நங்கை மாறனின் வலது கையைத் தன் முந்தானைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார்.

எப்போதிலிருந்து இதைக் கவனித்தீர்கள் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். ஒரு வாரமாகத்தான் என்றேன்.

செப்டம்பர் 4

பூபதி வேலைக்குப் போகவில்லை. வண்டியைத் துடைத்தார். துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கோயம்புத்தூரில் மாறனுக்கு மூளை ஸ்கேன். அசையாமல் இருக்க மயக்க மருந்து. பசியோடு வைத்திருக்கச் சொன்னார்கள். அவனுக்குப் பசி தாங்காது. வரிசையில் எங்களுக்கு முன்னால் யாரோ அவசரமாக வந்துவிட்டதால் இன்னும் தாமதம். தொண்டை கட்டுகிற வரை அழுதான். பூபதி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தார். உள்ளே கொண்டுபோனதும் சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதிதான் தாங்க முடியாததாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் தூங்கிவிட்டோம். கோபி தாண்டிப் போயிருப்போம். கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

டாக்டர் தமயந்தி படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளையின் இடப்பக்கத்தில் ஒரு சின்ன இடம் வேறு நிறமாக இருந்தது. பெரியவர்களுக்கு வருகிற பக்கவாதம் மாதிரிதான், வயிற்றில் இருக்கும்போதோ பிறந்த சமயத்திலோ வந்திருக்கும் என்றார். ஒரு ரத்தக் குழாய் அடைத்து, அந்த இடத்துக்கு ரத்தம் போகாமல் போயிருக்கிறது. அந்த இடம்தான் வலது கையையும் காலையும் நடத்துகிற இடம். எடையோடு பிறந்து, பால் குடித்துக்கொண்டு, சமர்த்தாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் என்ன சாப்பிட்டேன், என்ன தூக்கினேன் என்றெல்லாம் யோசிக்க வேண்டாம் என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். இது யாரும் எதுவும் செய்து வந்ததில்லையாம். இது இனிமேல் அதிகமாகாது. ஆனால் கை தானாக வராது. பயிற்சி கொடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

வீட்டில் நங்கையிடம் பூபதிதான் சொன்னார். பக்கவாதம் என்ற சொல்லை அவர் சொன்னதும் நங்கை எழுந்து கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய்விட்டார். துணி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

ஈரோடு அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கான பயிற்சிப் பிரிவு. வாரத்தில் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி கொடுக்கிறவர் பெயர் ரெஜினா. சின்னப் பெண், உரத்த குரல். மாறனைப் பெரிய பந்தின்மேல் படுக்கவைத்து உருட்டினார். வலது கையை ஊன்றவைத்து அதன்மேல் பாரம் போட்டார். அவன் அழுதான். அவர் பாடிக்கொண்டே செய்தார்.

வீட்டிலும் தினமும் செய்ய வேண்டும். ராகிக் கூழை வலது கையில் தடவிவிட்டு வாய்க்குக் கொண்டுபோகச் செய்ய வேண்டும். இரண்டு கையாலும் பிடிக்கிற மாதிரி பெரிய பொருளாகக் கொடுக்க வேண்டும். சொரசொரப்பான துணியை உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்தபோது தாரகையை யார் பார்ப்பது என்ற யோசனையிலேயே பாதியை விட்டுவிட்டேன். இரண்டாவது தடவை கேட்டபோது ரெஜினா முகம் சுளிக்காமல் முதலிலிருந்து சொன்னார்.

அக்டோபர் 6, திங்கள்

இன்று புதிதாக ஒன்று சொன்னார்கள். விளையாடும்போது சிறிது நேரம் அவன் நல்ல கைக்கு மெத்தென்ற உறை மாட்டிவிட வேண்டும். அந்தக் கை கிடைக்காவிட்டால்தான் மூளை மறு கையைத் தேடுமாம்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டிப் பார்த்தோம். மாறன் உறைக்குள் இருந்த கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கத்த ஆரம்பித்தான். பொம்மையைக் கண்ணெதிரே வைத்து, எடுக்க முடியாமல் கட்டிப்போட்டது போல இருந்தது. நங்கை சமையலறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

அக்டோபர் 13, திங்கள்

வேலையில் சேர்ந்தாயிற்று. கவுன்டர் அப்படியே இருக்கிறது. முத்திரை குத்தும் சத்தம் பகல் முழுதும் இதமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. பகலில் மாறனுக்கு உறை மாட்டுவதும் கூழ் தடவுவதும் நங்கையின் பொறுப்பு. எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனேன். “செரி அம்மிணி” என்றார்.

அக்டோபர் 21

தீபாவளி நேற்று. வெடிச் சத்தத்தில் இரண்டு பேரும் தூங்கவில்லை. தாரகை தானாக உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது உட்கார்ந்திருந்தாள்.

மாறனின் கையுறை வெள்ளையாகவே இருக்கிறது. ராகிக் கறை இல்லை, எச்சில் ஈரம் இல்லை. நங்கை தினமும் துவைத்துவிடுகிறார் போலிருக்கிறது.

அக்டோபர் 30, வியாழன்

பயிற்சிப் பிரிவில் ரெஜினா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் செய்கிறீர்களா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. செய்கிறோம் என்றேன்.

வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் நங்கையிடம் போனேன். கையுறையைப் போடுகிறீர்களா என்று கேட்டேன். போடவில்லை என்றார். ஒருநாள்கூடவா என்றேன். ஒருநாள்கூட இல்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. நான் ஏதேதோ பேசிவிட்டேன். நம்பித்தானே விட்டுப்போனேன், இவனுக்குக் கை வராமல் போனால் யார் பதில் சொல்வது என்றெல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“மூணு வருசம் அம்மிணி. காத்தால வெளக்கெண்ணெ போட்டு எங்கய்யன் கையில ஒவ்வொரு வெரலா விரிச்சு உடுவேன். மத்தியானம் பார்த்தா மறுக்கா மூடிக்கும். செரியாப் போயிரும்ங்கய்யான்னு தெனமும் சொன்னேன். போற அன்னிக்கும் மூடித்தான் இருந்துது.”

மாமனாருக்கு வாதம் வந்தது எனக்குத் தெரியும். எந்தப் பக்கம் என்று கேட்டதே இல்லை. நாங்கள் போகும்போதெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்.

“இவனக் குளிப்பாட்டறப்ப சித்திரையிலயே என்ற கைக்குத் தெரிஞ்சுபோச்சு. அதே கை. கட்டைவெரல உள்ள வெச்சு மூடற அதே கை. இருக்காது, இருக்காதுன்னு எங்கய்யன் நொட்டாங்கை பேரச் சொல்லிக்கிட்டே இருந்தேன்.” கீரைக் காம்புகளை ஒதுக்கினார். “இவங்கிட்டயும் செரியாப் போயிரும்னு தெனமும் பொய் சொல்லோணுமா? என்னால ஆகாது அம்மிணி.”

பையை இறக்கி வைத்தேன். தாரகைக்குத் துணி மாற்றினேன்.

அப்படியானால் பூபதிக்கும் தெரிந்திருக்கும். அவர் அப்பா கை அவருக்குத் தெரியாதா. கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் அவரும் என்னைக் கேட்பார்.

நவம்பர் 2, ஞாயிறு

நங்கை கவுந்தப்பாடிக்குப் போய்விட்டார். சண்டை எதுவும் இல்லை. வீடு பூட்டியே கிடக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. மாறன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

மறுபடியும் விடுப்பு. போஸ்ட்மாஸ்டர் எதுவும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அவர் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த வாரம் நான் தலை வாரிய ஞாபகம் இல்லை. தாரகைக்குச் சளி. மாறனுக்குக் கையுறை போட்டதும் ஆரம்பிக்கிற அழுகை, கழற்றிய பிறகும் நிற்பதில்லை. நேற்று ஒரு கட்டத்தில் நான் அவனைக் கீழே விட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்தபோது பூபதி தரையில் படுத்திருந்தார். அவரும் தன் இடது கையை ஒரு தலையணை உறைக்குள் நுழைத்து முடிந்துகொண்டிருந்தார். வலது கையால் தரையைத் தட்டினார். மாறன் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். அவர் தட்டிக்கொண்டே இருந்தார். மாறன் எதுவும் செய்யவில்லை. ஆனால் அழவில்லை.

அவரிடம் அன்று கேட்க நினைத்ததை இனிமேல் கேட்கப்போவதில்லை.

நவம்பர் 17, திங்கள்

இரண்டு குழந்தைகளோடு தனியாக ஈரோடு போய் இறங்கினேன். பயிற்சிப் பிரிவு வாசலில் நங்கை உட்கார்ந்திருந்தார். கவுந்தப்பாடியிலிருந்து நேராக வந்திருக்கிறார். எங்கள் முறை எந்தக் கிழமை என்று அவருக்குத் தெரியும். தாரகையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். மாறன் அவர் பக்கம் பாய்ந்தான். வாங்கியவளை என்னிடமே கொடுத்துவிட்டு அவனை எடுத்துக்கொண்டார்.

உள்ளே மற்ற குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பியைப் பிடித்து நடக்கிற ஒரு பெண் குழந்தை, நிற்கவே முடியாத ஒரு பையன். ரெஜினா மாறனைப் பந்தின்மேல் படுக்கவைத்தபோது பக்கத்தில் போய் நின்றார்.

“நேராச் சொல்லு கண்ணு. இந்தக் கை வருமா, வராதா?”

ரெஜினா பாடுவதை நிறுத்தினார். “முழுசா வரும்னு நான் சொல்லமாட்டேம்மா.”

“எங்கய்யனுக்கு வரல.”

ரெஜினாவுக்கு அந்தக் கதை தெரியாது. நான் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அவர் மாறனின் முதுகில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டார்.

“உங்கப்பாவுக்கு இருந்தது போச்சும்மா. இவனுக்கு இன்னும் வரவே இல்ல. அது வேற, இது வேற. எவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாது. நாம ஒண்ணும் பண்ணாம விட்டா வராதுங்கறது மட்டும் தெரியும்.”

நங்கை தலையாட்டவில்லை. ஆனால் ரெஜினா அடுத்து மணிக்கட்டைப் பிடித்துக் காட்டியபோது, “கொடு, நான் புடிக்கறேன்” என்று கையை நீட்டினார். அவர் பிடித்த விதத்தைப் பார்த்து, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ரெஜினா கேட்டார். நங்கை அடுத்த விரலை விரித்தார்.

பஸ்ஸில் ராத்திரிக்கு என்ன குழம்பு என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் குழம்புக்கு ஒன்றுமே இல்லை. ரசம் வைத்தார்.

நவம்பர் 24

மறுபடி கவுன்டர். நான் வீட்டுக்கு வந்தபோது கையுறை முழுக்க ராகி.

டிசம்பர் 5, வெள்ளி

முன்னேற்றம் என்று எழுத எதுவும் இல்லை. வலது கையை ஊன்றினால் முன்னைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறது என்று பூபதி சொல்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. ரெஜினாவும் நிற்கிறது என்கிறார். நங்கை உறையைப் போடுகிறார், கழற்றுகிறார். மாறனிடம் செரியாப் போயிரும் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்கவில்லை. “எங்க, பாக்கலாம்” என்று மட்டும் சொல்கிறார்.

தாரகை தவழ்கிறாள். வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானையும் மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். நங்கை அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். பூபதி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். மாறனை இரண்டு தலையணைகளுக்கு நடுவில் உட்காரவைத்து, இடது கைக்கு உறை மாட்டி, மடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூடியைப் போட்டிருந்தோம். அவனுக்கு அந்த மூடி பிடிக்கும். உறைக்கையால் தட்டிக்கொண்டிருந்தான்.

தாரகை தவழ்ந்து வந்து அந்த மூடியை எடுத்துக்கொண்டாள். எடுத்து வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாறன் கத்தினான். உறைக்கையால் மூடியைப் பிடிக்கப் பார்த்தான், வழுக்கியது. மறுபடி வழுக்கியது. நான் எழுந்தேன், வேறு மூடி எடுத்துக் கொடுக்கலாம் என்று. அப்போது அவன் வலது தோள் அசைந்தது. கை மெதுவாக மேலே வந்தது, நடுங்கிக்கொண்டே, முழங்கை மடங்கினபடி. மூடிக்குப் போகவில்லை. தாரகையின் தலைமேல் விழுந்தது. விரல்கள் முடிக்குள் போய் இறுகிக்கொண்டன.

தாரகை வீரிட்டாள்.

நான் ஓடப்போனேன். நங்கை என் சேலையைப் பிடித்து இழுத்தார். “சித்த இரு அம்மிணி” என்றார், சத்தமே வராத குரலில். பூபதி சோப்புக் கையோடு நிலைப்படியில் வந்து நின்றார். நாங்கள் மூன்று பெரியவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். மாறன் தன் தங்கையின் முடியை வலது கையால் பிடித்து இழுத்தான். அவன் கையை அவனே வாயைத் திறந்துகொண்டு பார்த்தான்.

பிடிக்க முடிந்தது, விடத் தெரியவில்லை. தாரகை கதறக் கதற அது இன்னும் இறுகியது. நங்கை போய் அவன் மணிக்கட்டைக் கீழ்ப்பக்கமாக வளைத்து விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். நான் தாரகையை வாரி எடுத்துக்கொண்டேன். உச்சியில் சிவந்திருந்தது. அழுது அழுது விக்கல் எடுத்தது அவளுக்கு. காலையில் எழுந்ததிலிருந்து அவளை இப்போதுதான் தூக்குகிறேன் என்பது நினைவுக்கு வந்தது. கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அவள் தலையை என் கழுத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் இறக்கிவிடவில்லை.

திரும்பி வந்தபோது நங்கை இன்னும் மாறனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவன் கை மறுபடி மூடியிருந்தது. விரலிடுக்கில் தாரகையின் முடி நாலைந்து வெளியே தெரிந்தது. வாயில் போட்டுக்கொள்வான் என்று நங்கை எடுக்கப் பார்த்தார். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அந்தக் கையையேதான் இழுத்தான்.

“உடு அக்கா. வெச்சுக்கட்டும்” என்றார் பூபதி.